வைரத் தோடு: மூடிய கட்டடமா, திறந்த கட்டடமா?

ஏழு கல் வைரத் தோடு செய்யக் கொடுக்கப் போனால், கல்லின் விலை பேசி முடிந்ததும் வருகிற கேள்வி இதுதான்: மூடிய கட்டடமா, திறந்த கட்டடமா? கடைகளில் க்ளோஸ் செட்டிங், ஓப்பன் செட்டிங் என்பார்கள். பல வீடுகளில் அம்மா போட்டிருந்த தோட்டை மனதில் வைத்து ஒன்றைச் சொல்லிவிடுகிறார்கள். இல்லையென்றால் விற்பனையாளர் தட்டில் எடுத்து வைத்த மாதிரியே முடிவாகிவிடுகிறது. கல் எவ்வளவு காலம் மின்னும், தங்கம் 22 காரட்டா 18 காரட்டா, நாளை மாற்றப் போனால் என்ன கிடைக்கும் என்பதெல்லாம் இந்த ஒரு பதிலைப் பொறுத்தவை. புதிதாகக் கல் வாங்கிச் செய்கிறவர்களுக்குத் திறந்த கட்டடமே சரி. பாட்டி காலத்து மூடிய தோட்டைக் கையில் வைத்திருப்பவர்கள் விஷயம் வேறு. அதை அழித்துப் புதிதாகச் செய்ய அவசரப்படக் கூடாது.

மூடிய கட்டடத்தில் ஒவ்வொரு கல்லுக்கும் அடி மூடிய ஒரு சிறு தங்கக் கிண்ணம் உண்டு. பட்டறைக்குப் பட்டறை முறை கொஞ்சம் மாறும். கிண்ணத்தின் அடியில் அரக்கு நிரப்பி, அதன்மேல் பளபளப்பான மெல்லிய வெள்ளித் தகட்டை வைத்துக் கல்லை உட்கார்த்துவது ஒரு வழி. கிண்ணத்தின் உட்புறத்தையே கண்ணாடி போல மெருகேற்றிக் கல்லை இறக்குவது இன்னொரு வழி. பிறகு கல்லைச் சுற்றியுள்ள தங்கத்தை எஃகு முனையால் சிறிது சிறிதாக அழுத்தி, கல்லின் விளிம்போடு இடைவெளி இல்லாமல் ஒட்ட வைப்பார்கள். தோட்டைத் திருப்பினால் தங்கம் மட்டுமே தெரியும்.

திறந்த கட்டடத்தில் கல்லின் அடிக்கூம்பு வெளியே தெரியும். கல்லைத் தாங்குவது தங்கக் கொக்கிகள். ஏழு கல் தோட்டில் நடுவில் ஒன்று, சுற்றி ஆறு என்று கற்கள் நெருங்கி நிற்பதால், பக்கத்துக் கற்கள் ஒரே கொக்கியைப் பகிர்ந்துகொள்ளும். ஒரு கொக்கி தேய்ந்தால் ஆபத்து ஒரு கல்லுக்கு மட்டும் இல்லை என்பதை இப்போதே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெளிச்சம் என்ன செய்கிறது

இன்றைய வட்ட வைரம் பிரில்லியன்ட் வெட்டு. 57 அல்லது 58 முகங்கள். மேலிருந்து நுழையும் வெளிச்சத்தை அடிக்கூம்பின் முகங்களே திருப்பி அனுப்ப வேண்டும் என்று கணக்குப் போட்டு வெட்டியது. வைரத்தின் ஒளிவிலகல் எண் 2.42. கல்லுக்குப் பின்னால் காற்று இருந்தால், முகத்தின் செங்குத்துக் கோட்டிலிருந்து 24.4 டிகிரிக்கு மேல் சாய்ந்து வந்து மோதும் கதிர் முழுவதும் உள்ளேயே திரும்பிவிடும். அடிக்கூம்பில் எண்ணெய் படிந்தால் இந்த எல்லை ஏறக்குறைய 37 டிகிரிக்கு ஏறிவிடுகிறது. இரண்டு எல்லைக்கும் நடுவில் வரும் கதிர்கள் திரும்புவதற்குப் பதிலாக அடி வழியே ஒழுகிப் போகின்றன. கல் மங்குவதற்குக் காரணம் இதுதான். கல் தேய்ந்ததும் இல்லை, பழசானதும் இல்லை.

இதிலிருந்து இரண்டு விஷயம் தெரிகிறது. நன்றாக வெட்டிய பிரில்லியன்ட் கல்லுக்கு அடியில் தகடு தேவையே இல்லை. பின்னால் சுத்தமான காற்று இருந்தால் போதும். புதிதாகக் கட்டிய மூடிய தோடும் உள்ளே காற்று உலர்ந்து இருக்கும்வரை நன்றாகவே மின்னும். சிக்கல் ஆரம்பிப்பது சில வருடம் கழித்து. இரண்டாவது, வைரத்துக்கு எண்ணெய்ப் பசை மீது ஈர்ப்பு அதிகம். தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களில் நொறுக்கிய கல்லைத் தண்ணீரோடு கிரீஸ் பூசிய மேசைமேல் ஓடவிட்டு, ஒட்டிக்கொண்ட வைரத்தைப் பிரித்தெடுத்தது இந்தக் குணத்தை வைத்துத்தான். தலைக்கு எண்ணெய் வைக்கிற ஊரில் காதில் தொங்கும் வைரத்துக்கு இதைவிடப் பெரிய பகை கிடையாது.

அப்படியென்றால் மூடிய கட்டடம் ஏன் வந்தது? பழைய கற்கள் இப்படி வெட்டப்பட்டவை அல்ல. அடி தட்டையான ரோஸ் வெட்டுக்கும், வெட்டாமல் மெருகு மட்டும் ஏற்றிய போல்கிக்கும் வெளிச்சத்தைத் திருப்பும் கூம்பு கிடையாது. அடியில் தகடு வைத்தால்தான் ஒளி. அதோடு, அடி மூடியிருந்தால் எண்ணெய்க் குளியலுக்குக்கூடத் தோட்டைக் கழற்ற வேண்டியதில்லை என்ற வசதியும் இருந்தது. அந்தக் கல்லுக்கும் அந்தப் பழக்கத்துக்கும் அது சரியான முறை. இன்றும் போல்கி, ரோஸ் வெட்டு, கோயில் நகைக்கான கெம்பு என்றால் மூடிய கட்டடம்தான். நாகர்கோவில் வடசேரியில் செய்யும் கோயில் நகையைத் திறந்த கட்டடத்தில் கற்பனை செய்யவே முடியாது.

கல் கறுத்துப்போனது என்றால்

மூடிய தோடு வைத்திருப்பவர்கள் பத்தரிடம் கொண்டுவரும் புகார் பெரும்பாலும் ஒன்றே: நடுக்கல் கறுத்துவிட்டது, அல்லது ஒரு கல் மட்டும் எண்ணெய் இறங்கி மங்கிவிட்டது. சிலருக்குக் கல்லையே யாரோ மாற்றிவிட்டார்களோ என்ற சந்தேகம்கூட வந்துவிடும்.

பத்து மடங்கு லென்ஸில் கல்லின் ஓரத்தைச் சுற்றிப் பாருங்கள். புதிதாகக் கட்டிய தோட்டில் தங்கம் கல்லோடு ஒரே கோடாக ஒட்டியிருக்கும். தேய்ந்த தோட்டில் ஓரிடத்தில் தங்கம் மயிரிழை அளவு விலகி, அந்த இடுக்கில் பழுப்பாக ஒரு கோடு ஓடும். சீயக்காய்த் தூளும் சோப்பும் எண்ணெயும் சேர்ந்து காய்ந்த கோடு அது. அந்த வழியாகத்தான் ஈரம் உள்ளே போகிறது. அடியில் வெள்ளித் தகடு இருந்தால் அது கந்தகத்தோடு சேர்ந்து கறுக்கிறது, கல் கறுத்த மாதிரி தெரிகிறது. பிரித்து எடுத்துச் சுத்தம் செய்தால் வைரம் பழையபடியே இருக்கும்.

இங்கே பலர் செய்யும் தவறு, வீட்டிலேயே வெந்நீரில் போட்டு எடுப்பது. அரக்கு சுமார் 75 முதல் 80 டிகிரி செல்சியஸில் இளகிவிடும். இளகினால் கல் சாயும், இடுக்கு பெரிதாகும், சோப்புத் தண்ணீர் முழுதாக உள்ளே இறங்கும். கடைகளில் இலவசமாகச் செய்து தரும் அல்ட்ராசானிக் தொட்டியும் நீராவியும் மூடிய கட்டடத்துக்கு ஆகாது. திருகுத் தண்டு ஒடிந்து பற்றவைக்கக் கொடுக்கும்போதும் இதே கவனம் வேண்டும். சுடர் பட்டால் உள்ளே இருக்கும் அரக்கு வெந்து தகடு கறுக்கும். முதலில் கற்களைப் பிரித்து, பற்றவைத்து, மறுபடி கட்டுவதுதான் முறை. அதற்கான கூலி ஒரு தண்டு வைக்கும் கூலியைப் போலப் பல மடங்கு வரும் என்று முன்பே தெரிந்துகொண்டு போங்கள்.

பிரித்துக் கட்டக் கொடுக்கும்போது தோட்டை முன்னும் பின்னும் படமெடுத்து, மொத்த எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். கல் பிரிக்கும்போது கூடவே இருங்கள். பிரித்ததும் 14 கற்களையும் கல் நிறுக்கும் காரட் தராசில் நிறுத்து, ஒவ்வொன்றின் விட்டத்தையும் அளந்து ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்வது நல்லது. பத்தர்மேல் சந்தேகப்பட்டு இதைச் செய்யவில்லை. பல வருடமாக மூடியே கிடந்த கல்லின் உண்மையான எடையும் வெட்டும் தெரியவரும் ஒரே சந்தர்ப்பம் அது. பழைய தோடுகளில் ஒரே ஜோடியில் இரண்டு விதமான வெட்டு இருப்பதும், விளிம்பு உடைந்த கல் தங்கத்துக்கு அடியில் மறைந்திருப்பதும் அப்போதுதான் தெரியும்.

கற்கள் பிரில்லியன்ட் வெட்டாக இருந்தால் அந்த நேரத்திலேயே திறந்த கட்டடத்துக்கு மாற்றலாம். ரோஸ் வெட்டாகவோ போல்கியாகவோ இருந்தால் மாற்றாதீர்கள், தகடு இல்லாமல் அவை கண்ணாடித் துண்டு போல வெறிச்சென்று தெரியும். கல்லில் குறை இல்லை, தங்கத்தின் ஓரமும் விலகவில்லை என்றால் எதையும் தொடாமல் அப்படியே போட்டுக்கொள்வதுதான் நல்லது.

22 காரட் எங்கே பலம், எங்கே பலவீனம்

22 காரட்டில் ஆயிரத்துக்கு 916 பங்கு தங்கம். மீதி செம்பும் வெள்ளியும். மென்மையான உலோகம். மூடிய கட்டடத்தில் இந்த மென்மைதான் பலம். அழுத்தினால் கல்லின் வடிவத்துக்குப் படிந்து கொடுக்கிறது. திறந்த கட்டடத்தில் அதே மென்மை பலவீனம். துண்டிலும் தலைமுடியிலும் மாட்டி இழுபட்ட மெல்லிய கொக்கி திரும்ப நிமிராது, விலகியே நிற்கும். அதனால்தான் வைரத் திறந்த கட்டட நகைகள் பெரும்பாலும் 18 காரட்டில், அதாவது 750 தரத்தில் வருகின்றன. கால்பங்கு மற்ற உலோகம் சேர்வதால் கொக்கிக்கு விறைப்பு கிடைக்கிறது.

இதைக் கேட்டதும் ‘916 இல்லையா, அப்போ வேண்டாம்’ என்று எழுந்துவிடுகிற பெரியவர்கள் உண்டு. 18 காரட்டில் தங்கம் குறைவு என்பது உண்மை, அதற்கேற்ப விலையும் குறைய வேண்டும் என்பதும் உண்மை. 750ஐ 916ஆல் வகுத்தால் 0.82 வரும். ஆக, 18 காரட் ஒரு கிராமின் விலை அன்றைய 22 காரட் விலையில் ஏறக்குறைய 82 சதவீதம். பில்லில் 22 காரட் விலையைப் போட்டு 18 காரட் நகையைக் கொடுத்தால்தான் நஷ்டம்.

கொக்கி வேலையின் தரத்தை எப்படிப் பார்ப்பது? கல்லின் விளிம்பு உட்காருவதற்காகக் கொக்கியின் உட்பக்கத்தில் ஒரு பள்ளம் வெட்டுவார்கள். அது கொக்கியின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு இருந்தால் நல்லது, பாதியைத் தாண்டக் கூடாது. ஆழமாக வெட்டினால் கல் சுலபமாக உட்காரும், வேலையும் சீக்கிரம் முடியும். ஆனால் கொக்கி பின்னாளில் அந்த இடத்தில்தான் ஒடியும். லென்ஸில் பக்கவாட்டில் பார்த்தால் இது தெரியும். கொக்கியின் தலை கல்மேல் முழுதாகப் படிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு பட்டு நூலைக் கற்கள்மேல் இழுத்துப் பார்த்தால் போதும். நூல் மாட்டினால் தலை தூக்கியிருக்கிறது என்று அர்த்தம். காதருகே வைத்து விரலால் மெதுவாகத் தட்டினால் ஆடுகிற கல் சத்தம் கொடுக்கும்.

நடுவழி ஒன்று

வளையக் கட்டு என்று ஒரு முறை இருக்கிறது, கடைகளில் பெசல் செட்டிங் என்பார்கள். கல்லைச் சுற்றி முழு வளையமாகத் தங்கப் பட்டை, அடி மட்டும் திறந்தது. பட்டையைக் கல்லின் விளிம்புமேல் மடித்து அழுத்துவதால் 22 காரட்டிலேயே நன்றாகச் செய்யலாம். கொக்கி இல்லாததால் எதிலும் மாட்டாது. பின்னால் திறந்திருப்பதால் தூரிகை போட்டுச் சுத்தம் செய்யலாம். பார்வைக்குப் பழைய தோடு போலவே இருக்கும். தினமும் போடுகிறவர்களுக்கு, 916தான் வேண்டும் என்கிறவர்களுக்கு, இதையே முதலில் சொல்ல வேண்டும். ஆனால் விற்பனையாளர்கள் இதை அதிகம் எடுத்துக் காட்டுவதில்லை.

குறை இரண்டு. பட்டையை உயரமாக விட்டு மடித்தால் 3 மி.மீ. கல் சின்னதாகத் தெரியும், தாழ்வாக விட்டால் பிடி போதாது. இன்னொன்று, ஒவ்வொரு கல்லுக்கும் தனி வளையம் வருவதால் கற்களுக்கு நடுவே தங்கக் கோடு தெரியும், கொக்கிக் கட்டு போல ஏழும் சேர்ந்து ஒரே பூவாக மின்னாது. மஞ்சள் தங்கம் சுற்றி நிற்பதால் கல்லில் இருக்கும் லேசான மஞ்சள் சாயல் மறைந்துவிடும் என்பது ஒரு லாபம். இந்தக் கட்டுக்கு டி, இ என்ற நிறமே இல்லாத உயர்தரக் கல்லுக்கு விலை கொடுக்க வேண்டியதில்லை, ஹெச், ஐ நிறம் தாராளமாகப் போதும். ரோடியம் பூசிய வெள்ளைக் கொக்கி என்றால் ஒரு படி மேலே போவது நல்லது.

வாங்கும்போது

மூடிய கட்டடத்தில் தயாராக இருக்கும் புதுத் தோட்டை வாங்குவதில் உள்ள பெரிய சங்கடம், நீங்கள் பார்ப்பது கல்லின் முகத்தை மட்டும் என்பது. வட்டப் பிரில்லியன்ட் கல்லின் எடையைக் கழற்றாமலே கணிக்க ஒரு வழி உண்டு: விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, ஆழத்தால் பெருக்கி, 0.0061ஆல் பெருக்க வேண்டும். 4 மி.மீ. விட்டமும் 2.4 மி.மீ. ஆழமும் உள்ள கல் 0.23 காரட் (இந்தக் காரட் கல்லின் எடை, தங்கத்தின் தரம் இல்லை), அதாவது 23 சென்ட். 3 மி.மீ. விட்டம், 1.8 மி.மீ. ஆழம் என்றால் சுமார் 10 சென்ட். திறந்த கட்டடத்திலும் அடி திறந்த வளையக் கட்டிலும் ஆழத்தை அளந்து கடைக்காரர் சொல்லும் எடையைச் சரிபார்க்கலாம். மூடிய கட்டடத்தில் ஆழம் தெரியாது. தகடு கொடுக்கும் ஒளியால் நிறமும் சரியாகத் தெரியாது. அடியில் இருக்கும் கீறல், உடைசல் எதுவும் தெரியாது. பேனா போன்ற டெஸ்டர் கல்லின் வெப்பக் கடத்தலை மட்டும் பார்க்கிறது. ஆய்வகத்தில் வளர்த்த வைரமும் அதில் வைரம் என்றே காட்டும்.

மூடிய கட்டடம்தான் பிடிக்கும் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. கல்லைத் தனியாகத் தேர்ந்தெடுத்து, வெள்ளைக் காகிதத்தில் கவிழ்த்து வைத்து நிறம் பார்த்து, நிறுத்து, பிறகு கட்டக் கொடுங்கள். நீல ஒளிர்வு உள்ள கல்லை, தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபான்டைன் சுரங்கத்தின் பெயரால் ப்ளூ ஜாகர் என்று சொல்லி, அதிக விலை கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். புற ஊதா விளக்கில் ஒளிர்வதாலேயே ஒரு கல் அந்தச் சுரங்கத்துக் கல் ஆகிவிடாது. வெயிலில் பால் கலந்தது போல மங்கலாகத் தெரிகிறதா என்று பார்த்து முடிவு செய்யுங்கள். இதையும் கட்டுவதற்கு முன்புதான் பார்க்க முடியும்.

பில்லில் பார்க்க வேண்டியது நிகரத் தங்க எடை. 5 காரட் ஒரு கிராம், ஆக ஒரு காரட் 0.2 கிராம். ஜோடித் தோட்டில் 14 கற்கள் சேர்ந்து 1.5 காரட் என்றால் 0.3 கிராம். தோடு மொத்தம் 9 கிராம் என்றால் தங்கத்தின் விலை 8.7 கிராமுக்குத்தான் போட வேண்டும். அரக்கு இருந்தால் அதையும் கழிக்க வேண்டும், ஆனால் கட்டிய பிறகு அரக்கின் எடையை யாராலும் காட்ட முடியாது. கல் வைப்பதற்கு முன் வெறும் கூட்டை நிறுத்து எழுதித் தரச் சொல்வதுதான் வழி. 2023 ஏப்ரல் 1 முதல் ஆறு இலக்க ஹெச்யூஐடி எண் (ஒவ்வொரு நகைக்கும் தனியாகத் தரும் அடையாளக் குறி) இல்லாமல் ஹால்மார்க் நகை விற்கக் கூடாது. ஆனால் குந்தன், போல்கி, ஜடாவ் நகைகளுக்குக் கட்டாய ஹால்மார்க்கிலிருந்து விலக்கு உண்டு. சாதாரண வைரத் தோட்டுக்கு அந்த விலக்கைச் சொல்லி எண் இல்லாமல் கொடுத்தால் வாங்காதீர்கள்.

போட்டுக்கொள்ளும்போது

திறந்த கட்டடத்திலும் பின்பக்கம் அழுக்கு சேரும், மூடியதைவிடச் சீக்கிரமாகவே சேரும். வித்தியாசம், அதை வீட்டிலேயே எடுத்துவிடலாம் என்பதுதான். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு விட்டு, அரை மணி நேரம் ஊறவைத்து, குழந்தைகள் பல் துலக்கும் மென்மையான தூரிகையால் பின்பக்கத்திலிருந்து தேய்க்க வேண்டும். அலசுவது கிண்ணத்தில், குழாயடியில் வேண்டாம். ஆடுகிற கல் இருந்தால் கிண்ணத்தின் அடியில் கிடக்கும், சாக்கடையில் போகாது. எண்ணெய்க் குளியலுக்குத் தோட்டைக் கழற்றி வைப்பது எந்தக் கட்டடத்துக்கும் நல்லது. கழற்றவே மாட்டேன் என்கிறவர் வளையக் கட்டு எடுத்து, இரண்டு வாரத்துக்கு ஒரு முறையாவது இப்படிக் கழுவட்டும். வருடத்துக்கு ஒரு முறை கொக்கிகளைப் பத்தரிடம் காட்டி, தலை தேய்ந்தவற்றுக்குத் தங்கம் ஏற்றச் சொல்லுங்கள்.

காதின் துளை ஏற்கெனவே இறங்கியிருப்பவர்கள் கட்டடத்தின் உயரத்தையும் பார்க்க வேண்டும். அடியில் கிண்ணமும் அரக்கும் இருக்கும் தோடு காதிலிருந்து முன்னால் தள்ளி நிற்கும், எடை முன்பக்கம் விழும், தோடு குனியும். எடை ஒன்றாக இருந்தாலும் தட்டையான தோடு நிமிர்ந்து நிற்கும். தடிமனான சவுத் ஸ்க்ரூ தண்டு, அதாவது நம் ஊர்த் தோட்டின் திருகுத் தண்டு, கொஞ்சம் தாங்கும். அதற்குமேல் என்றால் மாட்டல் போட்டுக்கொள்வதுதான்.

வைரம் அல்லாத கற்கள்

மாணிக்கத் தோட்டை மூடிய கட்டடத்தில் வாங்குவது வைரத்தைவிடவும் ஆபத்து. வெளிறிய கல்லுக்கு அடியில் சிவப்புத் தகடு வைத்தால் நல்ல கல் போலத் தெரியும். ஈயக் கண்ணாடி நிரப்பிய மாணிக்கமும் சந்தையில் நிறைய இருக்கிறது. பற்றவைக்கும் சூடு பட்டால் அந்த நிரப்பு கெட்டுவிடும், பற்றவைத்த பின் போடும் அமிலத் தொட்டியும் அதை அரிக்கும். நிரப்பாத நல்ல மாணிக்கத்தைக்கூடச் சூட்டில் வெங்காரம் அரித்து மேற்பரப்பைப் பொரிந்தது போல ஆக்கிவிடும். வைரத்துக்குப் போரிக் அமிலக் கரைசல் பூசிச் சுடர் காட்டுகிறவர் அதே பழக்கத்தில் மாணிக்கத்துக்கும் செய்தால் கல் போய்விடும், மறுபடி மெருகேற்றினால் எடை குறையும். மரகதத்தில் விரிசல்களை மறைக்க எண்ணெய் ஏற்றியிருப்பார்கள், அல்ட்ராசானிக் தொட்டியில் போட்டால் அந்த எண்ணெய் வெளியேறி விரிசல் தெரிய ஆரம்பிக்கும்.

ராசிக்கல் மோதிரத்துக்குக் கல் விரலில் பட வேண்டும் என்று கேட்பதால் அடி திறந்த வளையக் கட்டு ஏற்கெனவே வழக்கத்தில் இருக்கிறது, கைவேலை செய்கிறவர்களுக்கும் அதுவே பாதுகாப்பு. நவரத்தின மோதிரத்தில் மட்டும் எந்த வேலைக்குப் பின் எந்தக் கல் என்ற வரிசை முக்கியம். சூடு படும் வேலையெல்லாம் முடிந்து, அமிலத்தில் போட்டு எடுத்து, மெருகும் ஏற்றிய பிறகுதான் முத்தையும் பவளத்தையும் கடைசியாகப் பதிக்க வேண்டும்.